முழவும் மொழியும்

பறை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தோற்கருவியும் பறை, சொல்லுதலும் பறை. தொல்காப்பியர் நிலங்களின் கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணினார். ஒரு நிலத்து மக்களை அவர்தம் முழவொலியால் அறியலாம் என்பது இதனால் புலனாகும்.

கிழக்கு ஆப்பிரிக்க மக்களிடத்தும் இத்தகைய நிலையைக் காண்கிறோம். சுவாகிலி மொழியில் ‘ங்கோமா’ என்பது முழவையும் குறிக்கும். அதற்கேற்ப ஆடும் ஆடலையும் குறிக்கும். மேற்குக் கென்யாவில் ‘இசுகுட்டி’ என்பதும் அவ்வாறே இரண்டிற்கும் பெயராகும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய நிகழ்ச்சிகளில் அது முழங்கும். ஆடுவோர் முதுமை எய்தினர், கற்போர் அருகினர். ஆதலின் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உடனடியாகக் காக்கவேண்டிய மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

ங்கோமா கடலும் கடந்தது. அடிமைகளாகவும் படைவீரராகவும் மாலுமிகளாகவும் இந்தியா வந்த ஆப்பிரிக்கரின் வழியினரே குசராத்துச் சித்தியர். ரத்தன்பூரிலுள்ள பாவா கோர் அடக்கத்தலத்தில் அவர்கள் ஆடும் ஆடலுக்குக் ‘கோமா’ என்றே பெயர். சுரைக்குடுக்கை பொருத்திய ஒற்றைத் தந்தி வில்லாகிய மலுங்காவும் முழவுகளும் ஒலிக்க ஆடுவர். தேங்காயை மேலே எறிந்து தலையால் உடைப்பர். இன்று அவர்கள் பேசுவது குசராத்தி. பாடல்களில் சுவாகிலிச் சொற்கள் சில எஞ்சியுள்ளன; அவற்றுள் பலவற்றின் பொருள் மறந்துபோயிற்று. இலங்கைப் புத்தளத்தருகே வாழும் ஆப்பிரிக்க வழியினரும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் ‘மாஞ்சா’ பாடி ஆடுகின்றனர். அவர்தம் இளையோர் பேசும் மொழியோ சிங்களம்.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. பத்துமலையில் தைப்பூசத்தன்று உருமி மேளம் முழங்கினால், கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் வந்த நம் இளைஞரின் கால்கள் தாமே தாளமிடுகின்றன. உருமி வாசிப்பதில் வல்ல மாணவன் ஒருவனிடம், அவன் பாடிய பாட்டின் பொருளை ஒருமுறை வினவினேன். அவன் தலை கவிழ்ந்தான். குற்றம் அவனுடையதன்று, அதுவரை அவனை அவ்வாறு வினவாதிருந்த என்னுடையதே.

தாளம் உடலோடு ஒட்டி நிற்கும். பல தலைமுறைகளையும் கடக்கும். மொழியோ கற்பித்தாலன்றி நில்லாது. சித்தியர்க்குத் தம் மூதாதையர் மொழியைப் பயிற்றப் பள்ளிகள் இருந்ததில்லை. நமக்கோ தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆசிரியப் பெருமக்களே, உருமி ஏந்தும் கைகளைத் தடுக்க வேண்டா. அப்பாட்டையே வகுப்பறைக்குக் கொணர்ந்து, அதன் பொருளை மாணவர் உணரச் செய்வோம். அந்நாளில்தான் பறை தன் இரு பொருளோடும் நம்மிடையே வாழும்.