ஜப்பான், கொரியா டூர் பிளானா? ரயிலா, வாடகை காரா... எது லாபம்? முழு விவரம்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜப்பானும் தென்கொரியாவும் தூரத்து நாடுகள் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், வல்லம் வடகாலில் யமஹா, ஒரகடத்தில் கோமாட்சு என அந்நாட்டு நிறுவனங்கள் இங்கேயே இருக்கின்றன. அங்கே குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கப் போனால் ரயிலில் போவதா, வாடகை கார் எடுப்பதா?

பெரிய நகரங்கள் மட்டும் என்றால்?

யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். டோக்கியோவில் இருந்து கியோட்டோவுக்கு ஷிங்கன்சென் புல்லட் ரயில் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடும். காரில் போனால் 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொரியாவிலும் சியோல் - பூசான் கேடிஎக்ஸ் ரயிலுக்கு சுமார் இரண்டரை மணி நேரம்தான்.

ரயில் பாஸ் வாங்கலாமா?

இங்கேதான் கணக்குப் போடணும். ஜப்பானின் 7 நாள் ரயில் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் இது 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோ - கியோட்டோ ஒரு வழி டிக்கெட் சுமார் 14,000 யென். போய்வர 28,000 யென்தான் ஆகும். அந்த ஒரு பயணத்துக்காக மட்டும் பாஸ் வாங்கினால் நஷ்டம். ஒரே வாரத்தில் பல ஊர்களுக்குப் போனால்தான் லாபம்.

இன்னொரு விஷயம்: இந்த பாஸ் சுற்றுலா போன்ற குறுகிய கால வருகையாளர்களுக்கானது. கம்பெனி சார்பில் வேலை அல்லது பயிற்சி விசாவில் இருப்பவர்களால் வாங்க முடியாது.

கார் எப்போது நல்லது?

ரயில் இல்லாத இடங்களில். ஒகினாவாவில் நாஹா பகுதியில் ஓடும் மோனோரயிலை விட்டால் வேறு ரயில் கிடையாது. கொரியாவின் ஜேஜு தீவில் ரயிலே இல்லை. ஹொக்கைடோவின் கிராமப் பகுதிகளுக்கும் கார் வசதி. குழந்தைகள், பெட்டிகளோடு 4 பேர் போகும்போது செலவும் பங்காகிவிடும்.

ஆனால், வாடகையை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. பெட்ரோல், சுங்கக் கட்டணம், பார்க்கிங், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. எடுத்த ஊரில் விடாமல் வேறு ஊரில் காரை விட்டால் கூடுதல் கட்டணம் வரலாம்.

நம்ம ஊர் லைசென்ஸ் போதுமா?

போதாது. ஐடிபி எனப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். இதை இந்தியாவில் ஆர்டிஓ அலுவலகம்தான் வழங்கும். ஒரு வருடம் வரை செல்லும். அங்கே கார் கம்பெனி கவுன்ட்டரில் போய் நின்ற பிறகு வாங்க முடியாது. முன்பதிவு செய்திருந்தாலும் சாவி கிடைக்காது.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை:

* லைசென்ஸில் கார் ஓட்டும் அனுமதி இருக்கிறதா? பைக்குக்கு மட்டும் என்றால் ஐடிபியிலும் கார் வராது.
* லைசென்ஸில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் என மாறி இருக்கிறதா? முன்கூட்டியே சரிசெய்வது நல்லது.
* லைசென்ஸில் சொந்த ஊர் முகவரி இருந்தால், எந்த ஆர்டிஓவில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.
* ஐடிபியோடு ஒரிஜினல் லைசென்ஸ், பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள்.

ஓட்டுவது சுலபமா?

ஜப்பானில் நம்மைப் போலவே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். கொரியாவில் வலதுபக்கம். புதிதாக ஓட்டுபவர்களுக்கு சந்திப்புகளில் திரும்பும்போது தடுமாற்றம் வரும். ஜப்பானில் 6 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு சைல்டு சீட் கட்டாயம். குடித்துவிட்டு ஓட்டினால் டிரைவர் மட்டுமல்ல, தெரிந்தே உடன் பயணித்தவர்களும் தண்டிக்கப்படலாம்.

அப்போ எதை எடுப்பது?

இரண்டையும் கலந்து எடுப்பதுதான் பலருக்கும் சரிவரும். நகரம் விட்டு நகரம் போக ரயில். தீவு, மலை, கிராமம் என்றால் அங்கே இறங்கிய பிறகு ஓரிரு நாளுக்கு மட்டும் கார். ரயில் டிக்கெட்டை அங்கே போய்கூட வாங்கிக்கொள்ளலாம். கார் ஓட்டும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும், ஐடிபியை இங்கேயே வாங்கிவிட வேண்டும்.