வெப் முகவரியில் ஹைஃபனா, அண்டர்ஸ்கோரா? எது பெஸ்ட்?

பத்மநாபபுரம் அரண்மனை பற்றி ஒரு வெப் பக்கம் தொடங்குறீங்கன்னு வைங்க. முகவரியில் இந்த இரண்டு சொற்களை எப்படிப் பிரிப்பது?

இடைவெளி: விட்டால் '%20' என்று மாறிவிடும். படிக்கவே குழப்பம்.

அண்டர்ஸ்கோர் (_): லிங்க்கின் அடிக்கோட்டில் மறைந்துவிடும்.

ஹைஃபன் (-): கூகுள் பரிந்துரைப்பது இதைத்தான். சொற்கள் தனித்தனின்னு தேடுபொறிக்குப் புரியும்.

தமிழிலேயே வைக்கலாமா?

தாராளமா. ஆனால் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போட்டால், ஒவ்வொரு யூனிகோடு குறியும் 9 எழுத்தாக மாறலாம். 'பத்மநாபபுரம்' என்பதில் 12 குறிகள். அதாவது 108 எழுத்து! ஆங்கிலத்தில் எழுதினால் 15 தான்.

பழைய முகவரியை மாற்றலாமா?

சும்மா மாற்றாதீங்க. மாற்றியே ஆகணும்னா, வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் '301 ரீடைரக்ட்' கட்டாயம். இல்லன்னா, ஏற்கெனவே பகிர்ந்த லிங்க் எல்லாம் '404' தான் காட்டும்.