பண்டிகைக் காலக் குருதிக்கொடை: சென்னையின் அனுபவம்

தீபாவளியை ஒட்டிய நாட்களில் சென்னைக் குருதி வங்கிகளில் கையிருப்பு குறைவது வழக்கம். நகருக்குக் கிடைக்கும் தன்னார்வக் குருதியில் பெரும்பகுதி கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் முகாம்களிலிருந்து வருகிறது. பண்டிகைக்கு விடுதிகள் காலியாகின்றன, பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்கள் வெறிச்சோடுகின்றன, வழக்கமாகக் கை நீட்டும் இளைஞர்கள் சொந்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். நோய்க்கு விடுமுறை இல்லை. தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு பரவுவதும் இதே மாதங்களில்தான். அதில் குருதிக்கசிவு கண்ட சிலருக்குத் தட்டணுக்கள் தேவைப்படும். பிரித்தெடுத்த தட்டணுக்களை 5 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே சேர்த்து வைப்போம் என்பது இங்கே நடக்காத காரியம்.

முன்பின் தெரியாத ஒருவருக்குக் குருதி கொடுப்பது மருத்துவ வரலாற்றில் அண்மைக் கால வழக்கம்தான். 1901 இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைக் கண்டறிந்தார். சோடியம் சிட்ரேட் கலந்தால் குருதி உறையாமல் இருக்கும் என்பது 1914 இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டியிருந்தது. 1921 இல் லண்டன் மருத்துவமனை ஒன்று அவசரமாகக் குருதி கேட்டபோது, செஞ்சிலுவைச் சங்கத்தின் பெர்சி ஆலிவர் சில தன்னார்வலர்களோடு சென்றார். கூப்பிட்டால் ஊதியமின்றி வரும் கொடையாளர் பட்டியல் அப்படித்தான் தொடங்கியது. 1937 இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபாண்டஸ் தம் சேமிப்பு நிலையத்துக்கு 'வங்கி' என்று பெயரிட்டார். அந்தப் பெயர் ஒரு மனப்பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது: போட்டவர்தான் எடுக்கலாம் என்பதே அது. உறவினர் ஒரு பை கொடுத்தால் நோயாளிக்கு ஒரு பை கிடைக்கும் என்ற 'மாற்றுக் கொடை' முறையின் வேர் இங்கே இருக்கிறது.

இந்தியாவில் இரண்டாம் உலகப் போர்த் தேவைக்காகக் கொல்கத்தாவில் குருதி வங்கி தொடங்கியது. 1950களில் பம்பாயில் லீலா மூல்காவ்கர் தன்னார்வக் கொடையைப் பரப்பினார். ஆனாலும் பல ஆண்டுகளுக்கு நாட்டின் மருத்துவமனைகள் குருதியை விற்பவர்களையே பெரிதும் நம்பியிருந்தன. வறுமையால் அடிக்கடி விற்றவரின் குருதியில் இரும்புச்சத்து இராது. நோய் இருந்தாலும் சொல்லமாட்டார், சொன்னால் அன்றைய கூலி போகும். காசுக்கு வரும் குருதியைவிடக் கொடையாக வரும் குருதி பாதுகாப்பானது என்று பிரிட்டனின் ரிச்சர்ட் டிட்மஸ் 1970 இல் நூலெழுதி வாதிட்டார்.

இந்தியாவில் அந்த வாதத்தின் அவசரத்தை உணர்த்திய நிகழ்வு சென்னையில் நடந்தது. 1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் குருதி மாதிரிகள் சேகரித்தார். அவற்றை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. அதன்பின் ஒவ்வொரு குருதிப் பையும் சந்தேகத்துக்குரியதானது. பையைச் சோதிக்கச் சட்டம் வந்தது. ஆனால், தொற்றிய புதிதில் சோதனையில் சிக்காத சில நாட்கள் உண்டு. அந்த இடைவெளியில் கொடையாளரின் உண்மைதான் ஒரே பாதுகாப்பு. 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி தேசியக் குருதி ஏற்றல் மன்றமும் மாநில மன்றங்களும் அமைந்தன. 1998 ஜனவரி 1 முதல் காசுக்குக் குருதி கொடுப்பது தடைசெய்யப்பட்டது.

திருவான்மியூருக்கும் நீலாங்கரைக்கும் இடையிலுள்ள கடலோர ஊர் பாலவாக்கம். 2011 இல்தான் அது சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அப்பகுதியினருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பது தரமணியிலுள்ள தன்னார்வ நலச் சேவை மருத்துவமனை. வி.எச்.எஸ். என்றால்தான் பலருக்குத் தெரியும். மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி 1958 இல் நிறுவிய அமைப்பு அது. ரோட்டரி சங்கமும் டி.டி.கே. பெயரும் இணைந்த குருதி வங்கி அந்த வளாகத்தில்தான் இயங்குகிறது. சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும் நெடுங்காலம் அங்கேயே செயல்பட்டது. நோயைக் கண்டுபிடித்தவரும் நோயற்ற குருதியைச் சேர்ப்பவர்களும் ஒரே வாசலைப் பயன்படுத்தினார்கள்.

விற்பனை ஒழிந்த பின்னும் மாற்றுக் கொடை முற்றிலும் ஒழியவில்லை. வெளியூரிலிருந்து அறுவைச் சிகிச்சைக்கு வந்த குடும்பத்துக்குச் சென்னையில் யாரைத் தெரியும்? சாதாரண நாளிலேயே அலைய வேண்டும். தீபாவளி வாரத்தில் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு துணை இங்கே உண்டு. கமல்ஹாசன் தம் ரசிகர் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றியபின், நவம்பர் 7 ஆம் தேதி வரும் அவர் பிறந்தநாளில் குருதிக்கொடை முகாம்கள் நடப்பது வழக்கமாயிற்று. அந்தத் தேதி பெரும்பாலும் பண்டிகைப் பருவத்திலேயே விழுகிறது. திட்டமிட்டதல்ல என்றாலும் பயனுள்ள பொருத்தம்.

நாட்காட்டியில் எதிர்மாறான பொருத்தமும் ஒன்று இருக்கிறது. தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாள் அக்டோபர் 1. அன்று முகாம்கள் நிறைகின்றன. சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாட்கள் வைக்கலாம். எனவே அன்று எடுத்த பைகள் நவம்பர் 5 அல்லது 12 ஆம் தேதியோடு காலாவதியாகின்றன. அன்று கொடுத்த ஆண் 90 நாள் இடைவெளி விட வேண்டும், டிசம்பர் 30 வரை மறுபடி கொடுக்க முடியாது. பெண்ணுக்கு 120 நாள், அதாவது பொங்கலும் கழிந்து ஜனவரி 29. அக்டோபர் 1 அன்று வரிசையில் நின்றவர்களில் சிலரை 'மூன்று வாரம் கழித்துக் கூப்பிடுகிறோம்' என்று பெயரையும் எண்ணையும் மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பினால், தீபாவளிக்கு ஊரில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்று வங்கியிடம் தயாராக இருக்கும்.