பத்து மணி பிறந்த கதை

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா நோட்டீஸ் அடித்தால் பால்குடம், அன்னதானம், சுவாமி புறப்பாடு, வாணவேடிக்கை என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் கொட்டை எழுத்தில் "இரவு 10 மணிக்கு வள்ளி திருமணம் நாடகம்" என்று அச்சடிப்பது வழக்கம். பத்து மணி என்றால் ஆர்மோனியக்காரர் சுருதி சேர்க்கிற நேரம். பபூன் வந்து சிரிக்கவைத்து, நாரதர் வந்து பேசவைத்து, ராஜபார்ட் மேடை ஏறுவதற்குள் நடுச்சாமம் தாண்டிவிடும். மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்திருக்கும். இன்று அதே பத்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிடுகிறார்.

"சார், பாட்டு பாதியில நிக்குது. இந்த ஒரு சீன் மட்டும்..."

"பெரியவரே, எனக்கும் பார்க்க ஆசைதான். மேல போன் போயிடுச்சு. செட்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

ஆரம்பிக்கிற நேரம் எப்படி நிறுத்துகிற நேரம் ஆயிற்று என்று கேட்டால், "கோர்ட் ஆர்டர்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஆர்டருக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது.

முதலில், டெல்டாவில் விழா ஏன் இரவில் நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. இரண்டுக்கும் இடையில் வயல் காய்ந்து கிடக்கும். நெல் விற்ற காசு கையில் இருக்கும். பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஊர் கூட வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகுதான் கூட முடியும். நாடக மேடையும் பெரும்பாலும் அறுத்த வயலில்தான். சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் ஏழூர் பல்லக்கில் காவிரியைக் கடந்து ஊர் ஊராகப் போகிறார். வைகாசியில் தஞ்சை ராஜவீதிகளில் விடிய விடிய முத்துப்பல்லக்கு. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில், தூணிலிருந்து நரசிம்மர் வெளிப்படும் கட்டம் விடியலை நெருங்கித்தான் வரும் என்பது பழைய முறை. நாகூர் கந்தூரியில் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து ராத்திரி முழுக்க ஊர்வலமாக வந்து விடியற்காலையில் தர்கா சேர்கிறது. வேளாங்கண்ணி மாதாவின் தேரும் இரவுத் தேர்தான். எந்தச் சாமியாக இருந்தாலும் இந்த மண்ணில் ராத்திரிதான் வீதிக்கு வரும்.

அந்த இரவுகளின் குரல் நாகஸ்வரம். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுத்து, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிற அந்தக் குழல், கூரைக்கு அடியில் வாசிக்கப் பிறந்ததல்ல. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வீதி முனையில் நின்று தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் ஊர் நகராது. ஆனால் அந்த ஒலிக்கு ஒரு குணம் உண்டு. அது சாமியோடு சேர்ந்து நகரும். உங்கள் வீட்டு வாசலுக்கு வரும், கொஞ்ச நேரம் நிற்கும், அடுத்த தெருவுக்குப் போய்விடும். தூங்குகிறவன் புரண்டு படுத்தால் தூக்கம் திரும்பிவிடும்.

மேளத்துக்குச் சட்டம் போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். 1859-ல் சென்னை மாகாணத்துக்காக வந்த மாவட்டப் போலீஸ் சட்டம், திருவிழாக்களில் தெருவில் வாசிக்கும் இசையை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்தது. அன்றைய கவலை தூக்கம் அல்ல, கலவரம். யார் தெருவில் யார் மேளம் கொட்டலாம், பள்ளிவாசல் முன்னால் கொட்டலாமா என்று ஊர் ஊராகத் தகராறு. 1889-ல் நகரத் தொல்லைகள் சட்டம் வந்தது. ஊர்வலத்துக்கு ஸ்டேஷனில் மனு கொடுத்து அனுமதி வாங்குகிற நம் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் பத்து மணி இன்னும் பிறக்கவில்லை.

அது பிறக்க ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. 1915-ல் அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் சான் பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியை வைத்துக் காட்டினார்கள். நம் ஊருக்கு அது மின்சாரத்தின் பின்னாலேயே வந்து 'ரேடியோ செட்' ஆயிற்று, பிறகு 'மைக் செட்'. விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் செட்டுக்காரர் மாட்டு வண்டியில் பெட்டியோடு வந்து இறங்குவார். பையன் ஒருவன் கூம்புக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு தென்னை மரத்தில் ஏறுவான். கோயிலைப் பார்த்து ஒன்று, ஆற்றைப் பார்த்து ஒன்று, பக்கத்து ஊரைப் பார்த்து ஒன்று. பக்கத்து ஊரைப் பார்த்துக் கட்டுவதுதான் முக்கியம். நம் ஊரில் விழா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டோடு ஆரம்பமாகும். நாகூர் ஹனிபா பாட்டு வந்தால் பக்கத்தில் எங்கோ கந்தூரி என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டும் இந்த டெல்டாவின் குரல்கள். அந்தக் கூம்பு வழியாகக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அதன்மேல் பிரியம் இருப்பது நியாயம். எனக்கும் இருக்கிறது.

ஆனால் அந்தக் கூம்பு நகராது. விடிய விடிய ஒரே மரத்தில் நின்று ஒரே ஜன்னலுக்குள் ஊதிக்கொண்டிருக்கும். தட்டையான நெல்வயல் நாடு அதற்கு இன்னும் தோதாக அமைந்துவிட்டது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகி, ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். ராத்திரி தரை குளிர்ந்ததும் நிலைமை தலைகீழ். தரையோரக் காற்று குளிர்ந்து, மேல்காற்று சூடாக நிற்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து வயல்மேல் தவழ்ந்து வரும். தடுக்க மலையில்லை, மேடில்லை. சாயங்காலம் காதில் விழாத மூன்றாவது ஊர் பாட்டு நடுராத்திரியில் வார்த்தை வார்த்தையாகக் கேட்பது இதனால்தான்.

சட்டம் இந்த இயந்திரத்தைப் பிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. 1981-ன் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987-ல் திருத்தம் செய்து இரைச்சலையும் மாசுப் பட்டியலில் சேர்த்தார்கள். 1989 டிசம்பரில் அளவுகள் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. 75 டெசிபல் சத்தம் இந்த இரவு அளவைவிட 30 தானே அதிகம் என்று நினைக்கக் கூடாது. டெசிபல் கணக்கில் 30 கூடினால் ஒலியின் ஆற்றல் ஆயிரம் மடங்கு. உலக சுகாதார அமைப்பும் 1999-ல், நிம்மதியாகத் தூங்க ஜன்னலுக்கு வெளியே 45-ஐத் தாண்டக் கூடாது என்றுதான் சொன்னது.

பிறகு 2000 பிப்ரவரி 14. மத்திய அரசு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை, மூடிய அரங்குக்குள் தவிர, ஒலிபெருக்கி கூடாது. பத்து மணி பிறந்தது அன்றைக்குத்தான். கூடவே பிறந்த ஆறு மணியை நாம் மறந்துவிடுகிறோம். மார்கழியில் விடியலுக்கு முன்னால் கோயில் குழாயில் ஒலிக்கும் திருப்பாவைக்கும், அதிகாலை பாங்குக்கும் அதே விதிதான்.

காகிதத்தில் இருந்த விதிக்கு உயிர் கொடுத்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலை அருகே கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி. அங்கே ஒரு சபையின் வழிபாட்டில் டிரம்ஸும் கித்தாரும் ஒலிபெருக்கியும் போடுகிற சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் சங்கம் நீதிமன்றம் போனது. ஒலிபெருக்கித் தொல்லை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் 1990-களிலேயே அரசுக்குக் கட்டளைகள் பிறப்பித்திருந்தது. அதே வழியில் இதிலும் உத்தரவிட்டது. சபை உச்சநீதிமன்றத்துக்குப் போய், மத உரிமையில் கைவைக்கிறார்கள் என்றது. 2000 ஆகஸ்ட் 30-ல் நீதிபதிகள் எம்.பி.ஷா, எஸ்.என்.புகன் தீர்ப்பளித்தார்கள். பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. குழந்தையும் முதியவரும் நோயாளியும் படிக்கிற மாணவனும் நிம்மதியாக இருக்க உரிமை உண்டு என்பது அதன் சாரம். நாடு முழுக்க இரைச்சல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

இன்னொரு வழக்கு டெல்லியிலிருந்து. பாட்டுச் சத்தத்தில் ஒரு சிறுமியின் கூக்குரல் யார் காதிலும் விழாமல்போன கொடுமையைச் செய்தியில் படித்த பொறியாளர் அனில் மிட்டல் 1998-ல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். 2005 ஜூலை 18-ல் தலைமை நீதிபதி லகோதி அமர்வு பத்து மணித் தடையை உறுதிசெய்தது. கேட்க விரும்பாதவனைக் கேட்கவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்ற நிலை அதோடு உறுதிப்பட்டது.

இதற்கிடையில் 2002-ல் ஒரு சன்னல் திறந்தார்கள். பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் பதினைந்து நாள் வரை, பத்திலிருந்து நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு அனுமதிக்கலாம். உச்சநீதிமன்றம் 2005 அக்டோபரில் இதையும் செல்லும் என்றது. அந்தப் பதினைந்து நாள் எவை என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று 2010 திருத்தம் சேர்த்தது. அரசு அதிகாரம் கொடுத்தால் மாவட்ட அளவிலேயே அறிவிக்கலாம்.

அதே 2010 திருத்தம் செய்த இன்னொரு காரியம்தான் என்னை உறுத்துகிறது. ஒலிபெருக்கியோடு 'இசைக்கருவி' என்ற சொல்லையும் இரவுத் தடையில் சேர்த்துவிட்டார்கள். எழுத்துப்படி பார்த்தால் மைக்கே இல்லாமல் வீதியில் வாசிக்கும் நாகஸ்வரமும் தவிலும் பத்து மணிக்குமேல் விதிமீறல். காட்டுச் சத்தம் போடும் பெட்டி ஸ்பீக்கர் அடுக்கும், மனிதன் மூச்சால் ஊதும் குழலும் ஒரே விதிக்குள். பல ஊர்களில் போலீஸ்காரர்களே பல்லக்கைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். அது அவர்கள் பெருந்தன்மை, சட்டம் கொடுத்த இடம் அல்ல. ஒரு மரபு இன்ஸ்பெக்டரின் தயவில் நிற்கக் கூடாது.

ஒலிபெருக்கிக்கு விதித்த பத்து மணியை மட்டும் நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். வயல் காலியாக இருக்கும் அதே பங்குனி, சித்திரையில்தான் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் பரீட்சை எழுதுகின்றன. மேடையிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பெண் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேதியியல் படிக்கிறாள். அவள் அப்பாதான் விழாக் கமிட்டியில் இருப்பார். அவளால் புகார் கொடுக்க முடியாது. போன் செய்தவன் யார் என்று மறுநாள் டீக்கடையில் விசாரிப்பவர்கள், ஊர்ப் பிள்ளைகளில் யார் தூங்கவில்லை என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. புகார் கொடுப்பவரை ஊருக்கு ஆகாதவராக்குவது அநியாயம்.

தஞ்சாவூர் மாவட்டம் உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வுக்குள் வருகிறது. கோடை வந்தால் நாடகத்துக்கும் ஆடல்பாடலுக்கும் அனுமதி கேட்டு மனுக்கள் அங்கே குவிகின்றன. ஊர்ப்பணத்தை வக்கீலுக்குக் கொடுத்து விழாவுக்கு முதல்நாள் உத்தரவு வாங்கி வருவது யாருக்கும் பெருமை இல்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்கள் சட்டம் கொடுத்த பதினைந்து நாளைத் தை மாதத்திலேயே பட்டியலிட்டு அறிவிக்கட்டும். அதில் முத்துப்பல்லக்குக்கும் பாகவத மேளாவுக்கும் சந்தனக்கூட்டுக்கும் இடம் இருக்கட்டும். பரீட்சை நாள் இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். மைக் வைக்காத நாகஸ்வரத்தையும் தவிலையும் தடையிலிருந்து எடுக்கும்படி நம் எம்.பி.க்கள் கேட்கட்டும்.

வாசகர்களுக்கு ஒன்று. இரவு பத்துக்குமேல் ஒலிபெருக்கி ஓடினால் டெசிபல் அளந்து காட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை; தடை நேரத்தில் ஓடுவதே மீறல். 100 அல்லது 112-க்கு அழைக்கலாம். அதற்குமுன் ஒருதரம் செட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிப் பாருங்கள், அவர் வீட்டிலும் படிக்கிற பிள்ளை இருக்கும்.