வீடு யாருக்கு? சகோதரிகள் கதையின் திரைத் தழுவல்களும் தென் திருவிதாங்கூர்ச் சொத்துரிமையும்

ஒரே வீட்டில் சேர்ந்து வளரும் சகோதரிகளின் கதையைத் திரைப்படக் கலை நூறாண்டுகளுக்கும் மேலாக விடாமல் எடுத்து வருகிறது. இப்படங்களில் பெயர் பெற்றவை பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களின் தழுவல்கள். காதலும் பிணக்கும் நோயும் சாவும் அவற்றில் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி: தகப்பனுக்குப் பின் வீடு யாருக்கு, பெண்மக்கள் எங்கே போய் இருப்பார்கள்? இதற்கு ஊருக்கு ஊர் வேறு விடை. சட்டம் மாறினால் விடையும் மாறும். அதனால் இத்தழுவல்களின் வரலாற்றைப் பெண்களின் சொத்துரிமை வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் படிப்பதற்குத் தென் திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரை வட்டம் வளமான இடம். திருப்புறம், பாறசாலை முதலிய எல்லையோர ஊர்களைக் கொண்ட இந்தப் பகுதியில் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துச் செல்லும் மருமக்கள் வழி, சொந்தப் பிள்ளைகளுக்குச் செல்லும் மக்கள் வழி, கிறிஸ்தவர் வழக்கம் என ஒன்றுக்கொன்று மாறான வாரிசு முறைகள் அண்டை வீடுகளிலேயே நடப்பில் இருந்தன.

இவ்வகைக் கதைகளுக்கு முன்மாதிரி லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’. பாஸ்டனின் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் இதன் முதல் பாகத்தை 1868-இலும் இரண்டாம் பாகத்தை 1869-இலும் வெளியிட்டது. மெக், ஜோ, பெத், ஏமி என்ற நான்கு சகோதரிகளுக்கும் ஆல்காட்டும் அவருடன் பிறந்தவர்களுமே மூலம். நண்பர் ஒருவருக்கு உதவப் போய்த் தகப்பன் சொத்தை இழந்த குடும்பம் அது. உள்நாட்டுப் போர்க்காலம், தகப்பன் போர்முனையில். கையில் பணமுள்ள ஒரே உறவு, கிழவியான மார்ச் அத்தை. அந்த அத்தையின் பிளம்ஃபீல்டு என்ற வீடு கடைசியில் ஜோவுக்கு வருகிறது; ஜோ அதைப் பள்ளிக்கூடமாக்குகிறாள். நாவலின் முடிவைத் தீர்மானிப்பதில் திருமணத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு இந்த வாரிசு வீட்டுக்கும் உண்டு. விமர்சகர்கள் இதைப் போதிய அளவு கவனித்ததில்லை.

1917, 1918 ஆண்டுகளின் மௌனப் படங்களுக்குப் பிறகு, 1933-இல் ஜார்ஜ் குகர் இயக்கிய பேசும் படம் வந்தது. கேத்தரின் ஹெப்பர்ன் ஜோவாக நடித்தார். தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து கிடந்த அமெரிக்கர்களுக்கு, ஏழைக் குடும்பம் ஒன்று மானத்தோடு வாழும் கதை ஆறுதலாக இருந்தது. 1949-இல் மெர்வின் லெராய் எடுத்த வண்ணப்படத்தில் அந்த வறுமையின் கூர்மை மழுங்கிவிட்டது. 1994-இல் ஆஸ்திரேலியரான ஜிலியன் ஆம்ஸ்ட்ராங் இயக்கிய படம் தாயின் பாத்திரத்தை வலுவாக்கிப் பெண்களின் கல்வியையும் உரிமையையும் வெளிப்படையாகப் பேசியது.

குகரின் படம் வந்த அதே 1933-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வரலாற்று நாவல் திரைக்கு வந்தது. சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’வை பி. வி. ராவ் இயக்க, ஆர். சுந்தர்ராஜ் தயாரித்தார். மலையாளத்தில் இலக்கியப் படைப்பு ஒன்றைத் தழுவி எடுத்த முதல் படம் இதுவே. இதன் கதைக்களம் நெய்யாற்றின்கரைக்கு நெருங்கிய உறவுடையது. எதிரிகளிடமிருந்து தப்ப இளவரசர் மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலா என்ற பலா மரம் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. நாவலின் உரிமை பெற்றிருந்த கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குத் தொடுத்ததால் படம் சில நாளிலேயே நின்றுபோயிற்று. பிரதி பல ஆண்டுகளுக்குப் பிறகு புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. தழுவல் என்பது கலை விவகாரம் மட்டுமல்ல, சொத்து விவகாரமும்கூட என்பதைத் திருவிதாங்கூர் தன் முதல் தழுவலிலேயே கண்டுகொண்டது.

மார்த்தாண்டவர்மாவின் காலத்தில் நடந்த பூசலும் வாரிசுப் பூசலே. மன்னரின் மக்கள் பட்டத்துக்கு உரிமை கோரினர். மருமக்கள் வழிப்படி பட்டம் சகோதரியின் மகனுக்கு உரியது. நாயர்களின் கூட்டுக் குடும்ப வீடுகளான தறவாடுகளிலும் இதே முறைதான். சகோதரிகளும் அவர்களின் பிள்ளைகளும் பிறந்த வீட்டிலேயே இருப்பார்கள். நிர்வாகம் காரணவரான மாமனிடம். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலின் சகோதரிகளான எலினாரும் மரியானும் தகப்பன் இறந்ததும் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த ஜேன் ஆஸ்டினின் இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இது நேர் எதிரான ஏற்பாடு. வீடு பெண்ணின் வழியில் செல்கிறது. ஆனால் சாவி பெண்ணின் கையில் இருந்ததா என்பது வேறு கேள்வி. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் மருமக்கள் வழி நிலவியது. மக்களுக்கென ‘உகந்துடைமை’ என்ற ஒரு பங்கு மட்டும் உண்டு. அந்த முறையில் மனைவியும் மக்களும் பட்ட பாட்டைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’த்தில் ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே எழுதினார். 1925-இன் நாயர் ஒழுங்குமுறைச் சட்டம் தறவாட்டுச் சொத்தைப் பாகம் வைக்க வழி செய்தது. மறு ஆண்டில் நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கும் தனிச் சட்டம் வந்தது.

கிறிஸ்தவர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாத சொத்தில் மகனுடைய பங்கின் நாலில் ஒரு பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே ஸ்ரீதனமாக மகளுக்கு வைத்தது. ஆனால் அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு ஒரு விலக்கு சொன்னது. கருநாகப்பள்ளி, கொல்லம், சிறயின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை முதலிய வட்டங்களில் வாழ்ந்த சில இலத்தீன் ரீதிக் கத்தோலிக்கரும் சில சீர்திருத்தக் கிறிஸ்தவரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு தரும் வழக்கம் உடையவர்கள். அவர்களை மேற்படி விதி கட்டவில்லை. நெய்யாற்றின்கரையின் பெயர் சட்டப் புத்தகத்தில் இப்படி மகளின் சமபங்கோடு சேர்த்து அச்சாகியிருப்பது இந்த வட்டத்தின் சமூக வரலாற்றில் பெருமைக்குரிய செய்தி. மற்றக் கிறிஸ்தவ மகள்களுக்கு அந்தச் சமத்துவம் 1986-இல், மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே வந்தது.

தறவாடு உடைந்த காலத்தைச் சகோதரிகளின் வழியாகக் காட்டிய படம் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ (1981). நாவல் தழுவல் அல்ல. அடூர் தாமே எழுதியது. ஆயினும் இந்த வரலாற்றில் அதைத் தவிர்க்க முடியாது. வாரிசு உண்ணி எந்த வேலையும் செய்யாதவன். அவனைப் பார்த்துக்கொள்வதிலேயே சகோதரி ராஜம்மாவின் திருமண வயது கடந்துவிடுகிறது. இளையவள் ஸ்ரீதேவி ஒரு நாள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். கணவன் வீட்டிலிருந்து வரும் மூத்தவள் ஜானம்மா தன் பாகத்தைக் கேட்கிறாள். மருமக்கள் வழி பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து விடுதலையைக் கொடுக்காமல் விட்டதை, ராஜம்மாவாக நடித்த சாரதாவின் மௌனம் சொல்வதுபோல் எந்தச் சட்ட நூலும் சொன்னதில்லை.

தமிழில் சகோதரிகள் கதையின் முழுமையான தழுவல் ராஜீவ் மேனன் இயக்கி 2000 மே மாதம் வெளியான ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’. மூலம் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ (1811). ஐந்தாண்டுகளுக்கு முன்பு ஆங் லீ இதை அந்தக் கால உடையோடும் மாளிகையோடும் எடுத்திருந்தார். திரைக்கதைக்காக எம்மா தாம்ப்சன் ஆஸ்கர் பெற்றார். ராஜீவ் மேனன் காலத்தையே மாற்றினார். சசெக்ஸ் மாளிகை காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடாயிற்று. எலினார் சௌம்யாவாகவும் (தபு), மரியான் மீனாட்சியாகவும் (ஐஸ்வர்யா ராய்), மார்கரெட் கமலாவாகவும் (ஷாமிலி), தாய் பத்மாவாகவும் (ஸ்ரீவித்யா) மாறினார்கள். வசனம் சுஜாதா, இசை ஏ. ஆர். ரகுமான். ‘என்ன சொல்லப் போகிறாய்’ பாடலுக்காகச் சங்கர் மகாதேவன் தேசிய விருது பெற்றார்.

உடையை மாற்றுவது எளிது. சமூகக் காரணங்களை மாற்றி நடுவதுதான் கடினம். இப்படம் அதைச் செய்திருக்கிறது. ஆஸ்டினின் நாவலில் வரும் கர்னல் பிராண்டன், இலங்கையில் இந்திய அமைதிப்படையில் பணியாற்றிக் காலை இழந்த மேஜர் பாலா (மம்மூட்டி) ஆகிறார். 1987 முதல் 1990 வரை நடந்த அந்தப் படை நடவடிக்கையின் காயத்தைத் தமிழ் வணிகப் படம் ஒன்று இவ்வளவு அமைதியாகத் தொட்டது அரிது. வில்லோபி, நிதி நிறுவனம் நடத்தும் ஸ்ரீகாந்த் (அப்பாஸ்) ஆகிறான். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் சரிந்து மக்கள் சேமிப்பை இழந்த நினைவு அப்போது ஆறியிருக்கவில்லை. எட்வர்ட், படப்பிடிப்புக்கு வீடு தேடி வரும் உதவி இயக்குநர் மனோகர் (அஜித்குமார்). சௌம்யாவின் தயக்கத்துக்கு இந்த ஊர்க் காரணம் ஒன்று கிடைக்கிறது: நிச்சயித்த மாப்பிள்ளை இறந்ததால் ராசியில்லாதவள் என்ற பேச்சு.

வீட்டைப் பறிப்பது இங்கும் உயில்தான். தாத்தாவின் சொத்து முழுவதும் மாமன் பெயருக்குப் போகிறது. தமிழ்நாடு 1989-இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்துவிட்டது. நாடு முழுவதும் மகள்கள் அனைவருக்கும் அந்த உரிமை 2005-இல் வந்தது. ஆனால் ஒருவர் தம் சொந்தச் சொத்தை உயில் எழுதி யாருக்கும் கொடுப்பதை எந்தத் திருத்தமும் தடுக்கவில்லை. ஆஸ்டினின் கதை 2000-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டிலும் நம்பும்படி இருந்ததற்குக் காரணம் இந்த இடைவெளி. சகோதரிகள் அங்கிருந்து மீளும் வழி மட்டும் முற்றிலும் புதியது. சௌம்யா சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சிறு வேலையில் சேர்ந்து உயர்கிறாள். மீனாட்சி பின்னணிப் பாடகியாகிறாள். உழைத்த காசில் அடுக்குமாடி வீடு வாங்குகிறார்கள். ஆஸ்டினின் நாயகிகளுக்குச் சம்பளம் என்ற வழியே இல்லை. 2000-ஆம் ஆண்டின் தமிழ்ப் பெண்ணுக்கு இருந்தது.

கிரெட்டா கெர்விக் 2019-இல் எடுத்த ‘லிட்டில் விமன்’ பெண்ணின் சொத்துக் கேள்வியைப் பச்சையாகவே எழுப்பியது. பெண்ணுக்குத் திருமணம் பணக் கணக்கு என்று ஏமி, லாரி என்ற இளைஞனிடம் முகத்துக்கு நேரே சொல்கிறாள். ஜோ பதிப்பாளரிடம் பேரம் பேசி நூலின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். ஆல்காட் உண்மையில் செய்ததும் அதுவே. நாவலில் அத்தையிடமிருந்து வந்த வீட்டுக்கு நிகராக, இந்தப் படத்தில் அவள் தானே உண்டாக்கிய சொத்தும் நிற்கிறது. இத்தழுவல்களில் சொத்துக் கேள்வியை நேர்மையாகத் தீர்த்தவை ராஜீவ் மேனனுடையதும் கெர்விக்குடையதும் என்றே சொல்ல வேண்டும்.

தென் திருவிதாங்கூரின் மூன்று வழக்கங்களும், அவை உடைந்த முறையும், 1956-இல் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போக நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது இரு மாநிலமாகப் பிரிந்த குடும்பங்களின் பாகக் கணக்கும் பத்திரப் பதிவு அலுவலகங்களில் எழுத்தில் கிடக்கின்றன. இந்த மண்ணின் சகோதரிகளைப் பற்றி வரலாற்றுப் படம் எடுக்க முனைவோர், உடைகளுக்கும் வீட்டு மாதிரிகளுக்கும் முன்பாக அந்தப் பாகப் பத்திரங்களைப் படிக்க வேண்டும்.