கணக்குப்பிள்ளைக்குச் சிறை, முதலாளிக்கு மன்னிப்பா?

எதிரணியில பேசின சகோதரி, 'மன்னிக்கத் தெரிஞ்சவன்தான் மனுஷன்'னு சொன்னாங்க. நீங்க கைதட்டினீங்க, நானும் தட்டினேன். ஆனா அம்மா, யாரை, எப்போ மன்னிக்கிறதுன்னு ஒரு கேள்வி இருக்கே!

அமெரிக்காவில் 1972 ஜூனில், வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்து பிடிபட்டார்கள். அதை மூடி மறைக்கப் போய், 1974 ஆகஸ்ட் 9-ல் ஜனாதிபதி நிக்சனே பதவி விலகினார். துணை ஜனாதிபதி ஃபோர்டு அந்த நாற்காலிக்கு வந்தார். ஒரு மாசம்கூட முழுசா ஆகலை. செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. காலையில சர்ச்சுக்குப் போயிட்டு வந்தார். தொலைக்காட்சி முன்னால உட்கார்ந்தார். நிக்சனுக்கு முழு மன்னிப்புன்னு கையெழுத்துப் போட்டுட்டார். ஐயா, அவர் மேல வழக்கே இன்னும் போடலை! பதவிக்காலத்தில் செய்த குற்றம், 'செய்திருக்கக்கூடிய' குற்றம், எல்லாத்துக்கும் சேர்த்து மன்னிப்பு. என்ன குற்றம்னு தெரியறதுக்கு முன்னாலயே மன்னிப்பு!

ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளர் டெர்ஹார்ஸ்ட் அன்றைக்கே ராஜினாமா செய்தார். மனசாட்சிக்காக வியட்நாம் போருக்குப் போக மறுத்த இளைஞர்களுக்கு இல்லாத மன்னிப்பு இவருக்கு மட்டும் எப்படின்னு கேட்டார். நியாயந்தானே? அதோட, நிக்சன் சொன்னதைக் கேட்டு நடந்த ஹால்ட்மன், எர்லிக்மன், மிட்செல் மூணு பேரும் 1975 புத்தாண்டு தினத்தில் குற்றவாளிகள்னு தீர்ப்பாச்சு. சிறைக்கும் போனாங்க. கணக்குப்பிள்ளை களி தின்றான். முதலாளி கடற்கரை பங்களாவில் இருந்தார்.

ஆனா ஒண்ணு, எதிரணிக்குப் பிடிச்சதையும் சொல்லணும். ஃபோர்டு ஓடி ஒளியலை. அக்டோபர் 17-ல் பிரதிநிதிகள் சபைக் குழு முன்னால தானே போய் உட்கார்ந்தார். 'பேரம் பேசித்தான் பதவிக்கு வந்தீங்களா?'ங்கிற சந்தேகத்தை முகத்துக்கு நேரே கேட்டாங்க. பேரமே இல்லைன்னு பதில் சொன்னார். 1915-ம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணு, மன்னிப்பை ஏத்துக்கிட்டா குற்றத்தை ஒப்புக்கிட்ட மாதிரின்னு சொல்லுது. பிற்காலத்தில் அந்த வரியைப் பர்ஸுல மடிச்சு வெச்சிருந்தார் மனுஷன்! 1976 தேர்தல்ல தோத்தார்.

அன்றைக்கு எதிர்த்துப் பேசியவர்களில் செனட்டர் எட்வர்ட் கென்னடியும் ஒருவர். 2001-ல், ஃபோர்டுக்குத் துணிச்சலுக்கான விருது கொடுத்த மேடையில், 'அன்னிக்கு நான் நினைச்சது தப்பு'ன்னு கென்னடியே ஒப்புக்கிட்டார். 27 வருஷம் கழிச்சு, எல்லாரும் பார்க்க! அந்தப் பெருந்தன்மைக்கு நான் தலைவணங்குறேன்.

ஆனாலும் நடுவர் அவர்களே, கென்னடி மாறிட்டார், நான் மாறலை. விசாரணையை முடிச்சுட்டு மன்னிச்சிருக்கலாமே? மணி அடிச்சுட்டீங்க. உட்கார்றேன்.