விற்பனைக்கு வரம்பு கட்டிய ஏடு

தமிழ்ச் சிறுபத்திரிகையின் வரலாற்றை 1933இல் பிறந்த 'மணிக்கொடி'யிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் 'மணிக்கொடி' சிறிய வாசகர் வட்டம் போதும் என்று புறப்பட்ட இதழ் அல்ல. ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரும் தேசிய அரசியலும் இலக்கியமும் கலந்த வார ஏடாகவே அதைத் தொடங்கினார்கள். 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்புக்கு வந்த பிறகுதான் அது சிறுகதைக்கென்றே ஆன இதழாயிற்று. புதுமைப்பித்தன், கு.ப.ரா., மௌனி ஆகியோரின் கதைகளைச் சுமந்த அந்த ஏடு பத்தாண்டுகூட நிலைக்கவில்லை.

அதே காலத்தில் வெகுஜன இதழ்கள் வேறொரு திசையில் வளர்ந்தன. எஸ்.எஸ். வாசன் 1928இல் வாங்கிய 'ஆனந்த விகடன்' நகைச்சுவையாலும் தொடர்கதையாலும் வீடுகளுக்குள் நுழைந்தது. அங்கே ஆசிரியராக இருந்த கல்கி 1941இல் தன் பெயரிலேயே பத்திரிகை கண்டார். 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கியபோது, வாரந்தோறும் அடுத்த இதழுக்காகக் காத்திருப்பது தமிழ்க் குடும்பங்களின் பழக்கமாகவே ஆகிவிட்டது. வாசகரைப் பிடித்து வைத்திருக்கும் இந்தத் திறமையை இலக்கிய வரலாறு குறைத்து மதிப்பிடக் கூடாது. எழுத்தறிவு பரவிவந்த ஒரு சமூகத்தைப் படிக்கும் சமூகமாக்கியதில் இவ்விதழ்களுக்குப் பெரும் பங்குண்டு.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்ள இடத்தில், ஒரு படைப்பை இது தேறுமா தேறாதா என்று கறாராக விவாதிக்க முடியுமா?

வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா இதற்குக் கண்ட பதில், தமிழ் இதழியலில் அதுவரை எவரும் துணியாதது. 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' மாத ஏட்டைத் தொடங்கியவர், 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தாமே வரம்பு கட்டிக்கொண்டார். 'மணிக்கொடி'க்கு வாசகர் குறைவு நேர்ந்தது. 'எழுத்து' அதைக் கொள்கையாக ஏற்றது. சிறுபத்திரிகை என்ற தன்னுணர்வு தமிழில் உறுதிப்பட்ட தருணம் இதுதான்.

செல்லப்பாவின் முதல் நோக்கம் விமர்சனம். ஆனால் அந்த ஏடு நிலைத்த புகழ் பெற்றது புதுக்கவிதையால். முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' கவிதை இடம்பெற்றது. சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் எழுதினார். திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய இளைஞர் ஒருவர் கவிதையும் விமர்சனமும் அனுப்பினார். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்ட தருமு சிவராம் அவர். யாப்பை விட்ட கவிதையை வெகுஜன வார இதழ்கள் தொடத் தயங்கிய காலம் அது. 1962இல் 24 கவிஞர்களின் கவிதைகளைத் திரட்டிய 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. கட்டுக்கட்டாகப் புத்தகங்களைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றவரும் செல்லப்பாவேதான். வரம்பு கட்டியது விற்பனைக்கு. உழைப்புக்கு அவர் எந்த வரம்பும் வைத்துக்கொள்ளவில்லை.

மாத ஏடு பின்னர் காலாண்டிதழாகி, 119 இதழ்களோடு 1970இல் நின்றது. அதற்குள்ளாகவே 1968இல் சேலத்திலிருந்து சி. மணியின் முயற்சியில் 'நடை' என்ற சிறுபத்திரிகை வந்துவிட்டது. 1970இல் சென்னையில் 'கசடதபற' பிறந்தது.

வெகுஜன இதழ், சிறுபத்திரிகை என்ற இரு உலகங்களுக்கும் இடையே சுவர் இருந்தது என்று சொல்வதும் சரியல்ல. 'சரஸ்வதி' என்ற இலக்கிய ஏட்டில் வளர்ந்த ஜெயகாந்தன் 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை விகடனில் எழுதி, லட்சக்கணக்கானோரை வாதாட வைத்தார். வார இதழ்களில் தொடர்கதை எழுதிக் குவித்த சுஜாதா, இலக்கிய ஏடான 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தை விடவில்லை. தேர்ந்த சிலருக்கென வந்த பக்கங்கள் வேறு கலைகளுக்கும் வழி திறந்தன. ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' நாடகத்தை அச்சேற்றியது 'நடை'தான். சில ஆண்டுகளில் அவர் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, தெருக்கூத்துக் கலைஞர்களோடு சேர்ந்து நவீன நாடகத்தை மேடையேற்றினார்.